யார்க்கில் மூன்று நாள்

அத்தியாயம் பதினான்கு

காலை ஐந்தரை மணிக்கே டில்லி சாணக்யபுரியில் பிரிட்டிஷ் தூதரக நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுஜாதா வரிசையை எண்ணிப் பார்த்தாள். அவர்களுக்கு முன்னால் எழுபத்து மூன்று பேர். சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். எழுபத்து நான்கு. மூன்றாவது முறை எண்ண அவளுக்குத் தெம்பில்லை.

"விசா ஆபீஸ் கதவ ஒம்பதுக்குத்தான் தொறப்பாங்கம்மா. இந்தப் பேப்பர விரிச்சு உக்காரு."

வள்ளியம்மை உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். கணுக்காலில் செருப்பு வார் பதிந்த இடம் அதற்குள் சிவந்திருந்தது. சரோஜினி நகரில் ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் நடந்து வந்தது அந்தக் கால்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சுஜாதாவின் அண்ணன் அருள்ராஜ் இங்கிலாந்து போய் ஐந்து வருடமாகிறது. யார்க் என்ற பழைய ஊரில், ஓட்டல் ஒன்றில் அவன் சமையல்காரன். ரயில்வே அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருக்கும் நல்லசிவத்தின் மகன். முட்டை கூட வாசலைத் தாண்டி உள்ளே வராத திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அவன் அந்நிய தேசத்தில் ஆட்டுத்தொடையை அறுக்கிறான் என்று தெரிந்த நாளோடு நல்லசிவம் அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவன் போன் அடித்தால், ஆணியில் தொங்கும் பையை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குக் கிளம்பிவிடுவார். அதனால் திங்கட்கிழமைகளில் அந்த வீட்டில் தயிர் மிஞ்சிப்போகும்.

இப்போது அருள் எழுதியிருந்தான். அம்மாவும் சுஜாவும் அக்டோபரில் மூன்று நாள் வந்து போகட்டும். டிக்கெட்டை அவன் அனுப்புகிறான். அவன் முதலாளியும் ஒரு கடிதம் தந்திருக்கிறார்.

"போய்ட்டு வரட்டும்" என்று நல்லசிவம் சுவரைப் பார்த்துச் சொன்னார். அது சம்மதம் என்று புரிந்துகொள்ள இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் அவரே சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்.

"விசாக்காரன் சும்மா குடுத்துர மாட்டான். டூர் புரோகிராம் வேணும்."

அமைச்சகத்தில் அதிகாரிகள் வெளியூர் போகும்போது எழுதும் அதே பாணி. நான்கு பத்திகள்: தேதி, நேரம், இடம், நோக்கம். அருள் அனுப்பிய சுற்றுலாப் புத்தகத்தைப் பார்த்து அப்பா சொல்லச் சொல்ல, மாலை இங்கிலீஷ் வகுப்புக் கம்ப்யூட்டரில் சுஜாதா அடித்து எடுத்து வந்தாள். மூன்று நாளுக்குப் பதினான்கு வரிகள். புத்தகம் மெச்சிக்கொண்ட பழைய கசாப்புத் தெருவை மட்டும் அவர் சேர்க்கவில்லை. "கசாப்புக் கடையைப் பாக்கதுக்கா ஏரோபிளேன் ஏறணும்?"

அந்தத் தாள்தான் இப்போது சுஜாதாவின் மடியில் இருந்தது.

"வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்கு?"

"பெரிய சர்ச்சு" என்றாள் வள்ளியம்மை.

"நோக்கம்?"

"சிற்பக் கலை."

"மூணு மணிக்கு?"

"கோட்டைச் சுவரு மேல நடக்கோம். ஏட்டி, இந்தக் காலோடயா?"

"நடக்க வேண்டாம்மா. சொன்னா போதும். சாயங்காலம் ஆறரைக்கு?"

"ஆத்தங்கரை ஓட்டல்ல சாப்பாடு."

"சனிக்கிழம பத்து மணி?"

"ரயில் மியூசியம். ஒரு மணிக்கு டீக்கடை. நாலு மணிக்குப் படகு. ஏழரைக்குப் பேய்."

முன்னால் நின்ற சர்தார்ஜிக்குத் தமிழ் தெரியாது என்பதில் சுஜாதாவுக்கு நிம்மதி.

"பேய் இல்லம்மா. பேய் வாக். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு ஆள் எல்லாரையும் கூட்டிட்டுப் போயி, பழைய வீட்டு முன்னாடி எல்லாம் நின்னு பேய்க் கத சொல்வான். அந்த ஊர்ல அது ஃபேமஸ்."

"பேயப் பாக்கதுக்கு டிக்கெட்டா? நோக்கம்னு என்னத்த எழுதியிருக்காவ ஒங்கப்பா?"

சுஜாதா பார்த்தாள். "வரலாற்று ஆர்வம்."

"யாருக்கு? எனக்கா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் களைப்பு முன்னைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. தள்ளுவண்டிக்காரரிடம் "பையா, தோ சாய்" என்று ஹிந்தியில் கேட்டு சுஜாதா இரண்டு டீ வாங்கினாள். வள்ளியம்மை டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"இதுல அருள எப்பப் பாக்கோம்?"

சுஜாதா தாளை மேலிருந்து கீழே படித்தாள். பதினான்கு வரிகளில் அண்ணனின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

அது மறதியல்ல. மாடி வீட்டு மாலா அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மகனைப் பாக்கப் போறேன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. அங்கயே தங்கிடுவீங்கன்னு நெனச்சு ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னு சொல்லுங்க." மாலா அக்காவின் நாத்தனார் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவள். அதனால் இந்த விஷயத்தில் அவள் பேச்சுக்குத் தனி மதிப்பு.

"பாக்கலாம்மா. நடு நடுவுல."

வள்ளியம்மை டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி பெரிய சர்ச்சிலிருந்து தொடங்கினாள்.

* * *

பதினொன்றரைக்கு அவர்கள் எண் வந்தது. இருவரையும் ஒன்றாகவே அழைத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம்வயது வெள்ளைக்காரி ஒருத்தி. பக்கத்தில் டை கட்டிய, நரைத்த மனிதர். "வணக்கம்மா, நான் தமிழ்ல கேக்கறேன், நீங்க தமிழ்லயே சொல்லலாம்" என்றார். மெட்ராஸ் தமிழ். பிறகு சுஜாதாவிடம், "நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. அம்மாவே சொல்லட்டும்."

சுஜாதா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எதுக்கும்மா யார்க் போறீங்க?"

"ஊர் சுத்திப் பாக்க."

"என்னென்ன பாப்பீங்க?"

வள்ளியம்மை சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நேரம், இடம், நோக்கம். படகு நாலு மணிக்கு. பேய் ஏழரைக்கு, வரலாற்று ஆர்வம். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது இவ்வளவு நன்றாகச் சொன்னதே இல்லை. நரைத்த மனிதர் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அந்த அதிகாரியின் பேனா எழுதுவதை நிறுத்திவிட்டது. அவள் தலையைச் சற்றே சாய்த்து அம்மாவைப் பார்த்தாள்.

சுஜாதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டாள், மனப்பாடம் என்று யாருக்கும் தெரியும்படி. தனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை?

"வெள்ளிக்கிழம ராத்திரி ஓட்டல்ல என்ன சாப்பிடுவீங்கன்னு கேக்கறாங்க."

அது தாளில் இல்லை. வள்ளியம்மை மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"நாங்க சைவம்" என்றாள் வள்ளியம்மை.

"உங்க மகன் என்ன வேல பாக்கறாரு?"

இதற்கு அப்பா விடை தந்திருந்தார். "ஓட்டல்ல ஆபீசரு."

அதிகாரி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அப்பா சொல்லிச் சுஜாதா அடித்த விண்ணப்பம். மற்றது, டிக்கெட் செலவு யாருடையது என்று காட்ட இணைத்த, அருளின் முதலாளி எழுதிய கடிதம். அவள் பேசிய இங்கிலீஷ் சுஜாதாவுக்கு நன்றாகவே புரிந்தது. மாலை வகுப்பில் ஆறு மாதமாக உட்கார்ந்திருந்தது இதற்காகத்தானா என்று இருந்தது.

"அம்மா, நீங்க நிர்வாக அதிகாரின்னு எழுதியிருக்கீங்க. அவர் முதலாளி குக்குன்னு எழுதியிருக்காரு. நீங்க வெள்ளிக்கிழம சாப்பிடப் போறதா சொல்ற ஆத்தங்கரை ஓட்டலும், இந்த லெட்டர் வந்த ஓட்டலும் ஒண்ணுதான். எது நெசம்?" என்றார் நரைத்த மனிதர்.

வள்ளியம்மை திரும்பினாள். "அதே ஓட்டலா, சுஜா?"

சுஜாதா எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆனால் அம்மா கேட்பதற்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஆமாம்மா. அண்ணன் எனக்குத் தனியா எழுதிச்சு. அன்னிக்கு அதுக்கு டூட்டி. ஒனக்குன்னு புதுச் சட்டி, கரண்டி எல்லாம் வாங்கி வெச்சிருக்காம். சொல்லாம ஒன்ன உக்கார வெச்சு சொதி பண்ணிப் போடணும்னு... அப்பாவுக்குத் தெரிஞ்சா லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுவாருன்னு நான் ஓட்டல் பேர மட்டும் போட்டேன்."

தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சொதி திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் பரிமாறுவது. அருள் அதைச் செய்யக் கற்றுக்கொண்டது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று.

வள்ளியம்மை கண்ணாடி பக்கம் திரும்பினாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"குக்குதான்யா. சமையக்காரன். அத எழுத அவன் அப்பாவுக்கு மனசு வரல. தப்புதான். இந்தச் சர்ச்சு, சுவரு, பேயி எல்லாம் எனக்கு எதுக்கு? மனப்பாடம் பண்ணச் சொன்னாவ, பண்ணுனேன். அவனப் பாத்து அஞ்சு வருஷம் ஆச்சு. யார் யாரோ அவன் கைச் சோத்தத் திங்காவ. எனக்கு ஒரு நாள் தின்னு பாக்கணும். திங்கக்கிழம வந்துருவேன். இங்க அவியளுக்குச் சர்க்கரை. ரெண்டு இட்லிக்கு மூணு இட்லி வெச்சா பேசாம தின்னுருவாவ. பக்கத்துல இருந்து பாக்க ஆள் வேணும். அங்க எப்படித் தங்குவேன்?"

நரைத்த மனிதர் இங்கிலீஷில் சொன்னார். சுஜாதா கவனித்தாள். அம்மாவின் பத்துப் பதினைந்து வாக்கியங்கள் அவரிடம் நாலாகச் சுருங்கிவிட்டன. இட்லியை அவர் விட்டுவிட்டார். அதுதான் முக்கியம் என்று சுஜாதாவுக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவளுடைய முறை. வேலை? இல்லை. படிப்பு? பி.காம் முடித்தாயிற்று, மாலை வகுப்பு. கல்யாணம்? ஆகவில்லை. டில்லிக்கு ஏன் திரும்பி வருவாய்?

"டிசம்பரில் வகுப்புப் பரீட்சை இருக்கிறது" என்று இங்கிலீஷில் பிழையில்லாமல் சொன்னாள். சொல்லும்போதே, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்தால் இதை நம்புவோமா என்று யோசித்தாள். நம்பமாட்டாள்.

* * *

நாலு மணிக்குப் பாஸ்போர்ட்டுகள் வந்தன. அம்மாவுடையதில் விசா ஒட்டியிருந்தது. சுஜாதாவுடையதில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"ஒனக்கு ஏன்ட்டி குடுக்கல?"

"திரும்பி வருவேன்னு நம்பிக்கை வரலியாம்."

"நான் பொய் சொன்னதுக்கா?"

"இல்லம்மா. நான் உண்மையச் சொன்னதுக்கு."

எழுநூற்றுப் பதினைந்தாம் நம்பர் பஸ் வர அரைமணி நேரம் ஆயிற்று. ஏறினால் உட்கார இடமில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டி யாரோ எழுந்தபோது சுஜாதா அம்மாவை இடித்துத் தள்ளி உட்காரவைத்தாள். மாலை வகுப்பு ஆறு மணிக்கு. இன்றைக்கு அது போயிற்று. ஆறு மாதத்தில் இது முதல் நாள்.

"எனக்கு ஏரோபிளேன்ல தண்ணி கேக்கக்கூடத் தெரியாது" என்றாள் வள்ளியம்மை, ஜன்னலைப் பார்த்தபடி. "தனியா எப்படிப் போவேன்? விசாவ வெச்சுப் பூஜை பண்ணவா?"

"கார்டு எழுதித் தரேம்மா. தண்ணி, பாத்ரூம், அண்ணன் அட்ரஸ். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு."

"நீ எழுதிக் குடுத்ததப் படிச்சுத்தான் இன்னிக்கு முழிச்சேன்."

வலிக்கவேண்டும் என்று சொன்னதல்ல. ஆனாலும் சுஜாதாவுக்கு வலித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வள்ளியம்மை கையை நீட்டி மகளின் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் பிரிந்துவிடாமல் இருக்க அவள் எப்போதும் செய்வது.

நிறுத்தம் வரும்போது திடீரென்று கேட்டாள்.

"ஒங்கப்பாகிட்ட பாஸ்போர்ட் இருக்குல்லா? அந்த டாக்கா டூருக்கு எடுத்தாவளே, கடைசில கேன்சல் ஆச்சே."

"இருக்கு. அதுக்கென்ன?"

"ரயில் மியூசியம் போணும்னு நான் கேட்டனா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"பொறவு யாருக்குட்டி அது? அதுக்குக் கீழ மட்டும் செவப்புல கோடு வேற போட்டிருக்காவ."

* * *

நல்லசிவம் கதவைத் திறந்தார். ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்திருக்கவேண்டும், பேன்ட் மாற்றவில்லை. யாரும் கேட்காமலே டீ போட்டு மூடி வைத்திருந்தார். ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

பாஸ்போர்ட்டை வாங்கி, விளக்கடியில் நின்று, விசாவில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் ஃபைல் பார்ப்பது போலப் படித்தார். பிறகு சுஜாதாவின் பாஸ்போர்ட்டில் இருந்த தாளையும் படித்தார். அதை இரண்டு முறை.

"அச்சா" என்றார். சங்கடம் வந்தால் அவருக்கு ஹிந்தி வரும்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள் வள்ளியம்மை.

"என்னத்த?"

"குக்குன்னு."

"எழுத்துல ஆபீசர்னு இருக்கு. நீ வாயால மாத்திச் சொன்னியா?"

"மாத்தல. நெசத்தச் சொன்னேன். நீங்க எழுதுனதப் பாத்து அந்தப் பிள்ள பேனாவக் கீழ வெச்சுட்டா. நான் சொன்னதக் கேட்டுத்தான் திரும்பக் கையில எடுத்தா."

நல்லசிவம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய நாற்காலி போனுக்குப் பக்கத்தில் இருந்தது. டூர் புரோகிராமை வாங்கி மேசையில் விரித்தார். வெள்ளி, சனி, ஞாயிறு. பதினான்கு வரிகள்.

"ஆத்தங்கரை ஓட்டல்னு போட்டியே, சுஜா. அது அவன் ஓட்டலா?"

"ஆமாப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று சுஜாதா நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. அந்த வரியில் நோக்கம் என்ற பத்தியில் 'இரவு உணவு' என்று அவள் அடித்திருந்தாள். அதன்மேல் பென்சில் முனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ஒன்றும் எழுதவில்லை.

"ஒருத்தியா எப்படிப் போவே?" என்றார் கடைசியில்.

"போகல. விடுங்க. காலு வலிக்கி."

வள்ளியம்மை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாடியில் மாலா அக்கா வீட்டில் டி.வி. செய்தி ஓடுவது கேட்டது.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அருள் போன் செய்வதில்லை. ஆனால் விசா நாள் எது என்று அவனுக்குத் தெரியும். அங்கே மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்காத நேரம். வேலைக்கு நடுவே எங்கேயோ தெருவோர டெலிபோன் பூத்துக்கு ஓடிவந்திருப்பான்.

நல்லசிவம் ஆணியில் தொங்கிய பால் பையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

நாலாவது மணியில் வள்ளியம்மை தரையைத் தள்ளி எழுந்து ரிசீவரை எடுத்தாள். "அருளு... ஆமாய்யா. எனக்குக் கெடச்சுட்டு. சுஜாவுக்குக் கெடைக்கல... அழாதய்யா. ஏய், அழாத."

நல்லசிவம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்.

"அந்த ரயில் மியூசியம் எத்தன மணி வரைக்கும்னு கேளு. பத்து மணிக்குப் போனா முழுசும் பாக்க முடியுமா என்னமோ."

வள்ளியம்மை ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். கணவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அதை அவர் முகத்துக்கு எதிரே பிடித்தாள்.

"எனக்கு அதெல்லாம் கேக்கத் தெரியாது. நீங்களே கேளுங்க."

ரிசீவருக்குள்ளிருந்து, "அம்மா... அம்மா, லைன்ல இருக்கியா?" என்று சின்னதாக ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. நல்லசிவம் பென்சிலைக் கீழே வைத்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அந்தக் கை மேசைமேல் ரிசீவரை நோக்கி நகர்ந்தது.